பீச் மரத்துக்கு மூன்று ஓட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அரைக்கிலோ என்று கட்டடமே கூப்பிடும் பெண் ஃப்ரீசர் கதவைத் திறந்தாள். மூடி போட்ட பெரிய பாத்திரத்தை இரண்டு கையாலும் அணைத்து வெளியே இழுத்து, சமையல் மேடைமேல் வைத்தாள். மூடியைத் திறந்து கரண்டியைச் செருகினாள். கரண்டி போகவில்லை. குதிகாலைத் தூக்கி, உடம்பின் பாரம் மொத்தத்தையும் கைக்குக் கொண்டுவந்து அழுத்தினாள். கரண்டியின் கழுத்து வளைந்து தலைகுனிந்து நின்றது.

“அப்பா! ஓடி வாங்களேன். இது கல்லாப் போயிடுச்சு!”

அப்பா கூடத்திலிருந்து வந்தார். விரலை மடக்கி, பாத்திரத்துக்குள் இருந்த மஞ்சள் பாறையை இரண்டு தடவை தட்டினார். மரக்கதவைத் தட்டினது போல் சத்தம் வந்தது.

“உள்ளே யாரும் இருக்கிற மாதிரி தெரியலையேம்மா.”

“சிரிக்காதீங்கப்பா. அஞ்சு மணிக்குக் கூட்டம்.”

அப்பாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அஞ்சு மணிக் கூட்டம் என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அது நான்கு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். முற்றத்தில், வெளிப்படிக்கட்டை ஒட்டி ஒரு பீச் மரம். அதன் கிளைகளில் பாதி படிக்கட்டுக்கு மேலேயும், மீதிப் பாதி இரண்டாம் மாடியில் அரைக்கிலோவின் ஜன்னலுக்குள்ளேயும் நீண்டிருந்தன. பூக்கிற மாதத்தில் அவள் அறையின் சுவர்கூட இளஞ்சிவப்பாகிவிடும். பழுக்கிற மாதத்தில் படுக்கையில் சாய்ந்து புத்தகம் படித்தபடியே கையை நீட்டிப் பழம் பறிக்கலாம். மரத்தின் மற்றப் பழங்கள் தாமாகவே விழுந்தன, படிக்கட்டின் மேல். போன கோடையில் அப்படி விழுந்து நசுங்கிக் கிடந்த ஒரு பழத்தில் கால் வைத்துத்தான் தரைத்தள வீட்டு பஸ் டிரைவர் வழுக்கினார். மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவர், ஏழு படியை ஒரே படியாக இறங்கி, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. இந்தக் கோடையில் முதல் பழம் படியில் விழுந்த அன்றே அவர் கட்டடத்துச் சொந்தக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.

சொந்தக்காரர் சொன்னது இவ்வளவுதான். “நாலு வீட்டுக்கு நாலு ஓட்டு. மூணு வீடு வேணும்னு சொன்னா மரம் இருக்கட்டும். இல்லேன்னா திங்கட்கிழமை காலைல மரம் வெட்டுற ஆள் வருவார். சொல்லி வெச்சாச்சு.”

இந்தச் சேதி வந்த அன்று அரைக்கிலோ சாப்பிடவில்லை. மறுநாள் திட்டத்தோடு எழுந்தாள். பழுத்த பீச்சில் பாலே சேர்க்காமல் செய்கிற பழ ஐஸ் ஒன்று உண்டு, சோர்பே என்பார்கள். அதை ஒரு பழைய வாரப் பத்திரிகையில் படித்து, ஆறு வாரத்துக்கு முன்னால் சந்தையில் முதலில் வந்த பழங்களை வாங்கி செய்திருந்தாள்; அதற்குப் பிறகும் ஒரு தடவை செய்தாள். முதல் தடவை அப்படி ஒரு ருசி! முதல் மாடிப் பல் டாக்டரம்மா கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினார். நோயாளிகள் யாராவது பார்க்கிறார்களா என்று அதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கிண்ணம் நான்கு வீட்டுக்கும் போனால் யார் மனம் இளகாது? கூட்டத்தில் பேச்சே தேவையில்லை. எல்லார் கையிலும் ஒரு கிண்ணம், தலைக்கு மேலே மரம். அவ்வளவுதான்.

அந்தக் கிண்ணம்தான் இப்போது பாறையாக உட்கார்ந்திருந்தது.

“ஃப்ரீசர்லதான் ஏதோ கோளாறு,” என்றார் அப்பா. “மூணு தடவை உஷ்ணமானி வெச்சுப் பார்த்துட்டேன். சரியாத்தான் காட்டுது. அப்போ உஷ்ணமானியில கோளாறு.”

அப்பாவுக்கு எந்தக் கருவியையும் சும்மா நம்பிப் பழக்கமில்லை. தராசு பழுது பார்ப்பதும், கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை வைப்பதும்தான் அவர் தொழில். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தராசு காட்டிய எடை அவர் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. தன் தராசைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே நிறுத்துப் பார்த்தார். அவர் சொன்னதுதான் சரி, குழந்தை அரைக்கிலோ கூடுதல். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இருபத்து நான்கு வருஷமாகப் போகவில்லை. படிப்பு முடிந்ததும் அவளும் அதே பட்டறையில் அப்பாவோடு உட்கார்ந்துவிட்டாள்.

பதினொன்றரைக்கு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை; ஒரு பேக்கரியில் கேக் மாவு கலக்கும் வேலை. ஓட்டுப் போட உரிமை இல்லாவிட்டாலும் கூட்டம் என்றால் வராமல் இருக்க மாட்டாள்.

“என்னடி முகம் தொங்கிப் போய் கிடக்குது? எங்கே உன் பழ ஐஸ்? நான் காலைல வெறும் வயித்தோட வந்திருக்கேன்.”

அரைக்கிலோ பாத்திரத்தைக் காட்டினாள். அத்தை கரண்டியைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள்.

“இதை வெச்சு ஓட்டு வாங்கப் போறியா, இல்ல டிரைவர் தலையில போட்டு ஒரு ஓட்டைக் குறைக்கப் போறியா?”

“அத்தே!”

“சரி சரி. எப்படிச் செஞ்சே, முதல்லேருந்து சொல்லு.”

அரைக்கிலோ சொன்னாள். பழத்தைக் கொதிநீரில் ஒரு நொடி முக்கி எடுத்தாள். தோல் சட்டைக் கை மாதிரி கழன்று வந்தது. கொட்டையை எடுத்துவிட்டு அரைத்தாள். கறுக்காமல் இருக்க எலுமிச்சை பிழிந்தாள். சர்க்கரைப் பாகு காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

“பாகு எவ்வளவு?”

“அளவு கிடையாது அத்தே. பழத்துல இனிப்பு கூடும் குறையும். அதனால முட்டை வெச்சுப் பார்க்கணும். கலவையைக் கொஞ்சம் தனி டம்ளர்ல எடுத்து முழு முட்டையை அதுல விடணும். சர்க்கரை ஏற ஏற முட்டை மேலே வரும். கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஓடு வெளியே தெரிஞ்சா சரியான பதம். குறைஞ்சா கல்லாயிடும், கூடினா உறையவே உறையாது. டம்ளர்ல எடுத்ததைக் கீழே ஊத்திடுவேன், பாத்திரத்துல திரும்பச் சேர்க்க மாட்டேன். ஒரு துளிகூடத் தப்பு வராது.”

“எந்த முட்டை?”

“தாய் முட்டை.”

“என்னது?”

அரைக்கிலோ அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே நீல வெல்வெட். அப்பாவின் பட்டறையிலும் இதே மாதிரி ஒரு பெட்டி உண்டு. அதில் இருக்கும் எடைக்கல்லோடு ஒப்பிட்டுத்தான் மற்ற எல்லாக் கற்களையும் சோதிப்பார்கள். தாய்க்கல் என்று பெயர். கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்கவேண்டும். குளிரில் வைக்கக்கூடாது, வெயிலில் வைக்கக்கூடாது. இந்தப் பெட்டியின் வெல்வெட் குழியில் கல்லுக்குப் பதில் ஒரு வெள்ளை முட்டை படுத்திருந்தது. பென்சிலால் அதன்மேல் ‘தொடாதே’ என்று எழுதியிருந்தது.

“முதல் தடவை அவ்வளவு நல்லா வந்ததே, அப்போ வெச்சுப் பார்த்த அதே முட்டை,” என்றாள் அரைக்கிலோ பெருமையாக. “ஒவ்வொரு தடவையும் வேற வேற முட்டை வெச்சா அளவு மாறிடும் இல்லையா? அதனால இதையே பத்திரமா வெச்சிருக்கேன். பெட்டி அப்பா குடுத்தார்.”

அப்பா தலையாட்டினார்.

அத்தை ஒரு நாளைக்கு நானூறு முட்டை உடைப்பவள். இரண்டு எட்டு பின்னால் நகர்ந்து, வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அங்கிருந்து கேட்டாள்.

“என்னிக்கு வாங்கினது?”

“ஆறு வாரம் இருக்கும்.”

“ஆறு வாரமா அலமாரியிலயா இருக்கு? இந்தக் கோடையிலயா? அடிப்பாவி, அதை மெதுவா கீழே வை. சத்தம் போடாதே. இருமாதே.”

“ஏன் அத்தே, ஓடு விரியவே இல்லையே. ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவித்தான் வைக்கிறேன். இதோ பாருங்க.”

அவள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்தாள். கழுவிக் காட்டுவதற்காக இடுக்கியால் முட்டையை எடுத்து அதில் விட்டாள்.

முட்டை மூழ்கவில்லை. ஒரு குதி குதித்து, முதுகு வெளியே தெரிய, வாத்து மாதிரி மிதந்தது.

அரைக்கிலோ அதைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தாள். சர்க்கரை இல்லை, உப்பு இல்லை, வெறும் தண்ணீர்.

“அப்பா,” என்றாள். “வெறும் தண்ணியில மிதக்குதுப்பா.”

“அதெப்படி?”

“உள்ளே வத்திப் போயிருக்கு! நாளாக நாளாக வத்தி லேசாயிட்டே வந்திருக்கு. முதல் தடவை நிறையச் சர்க்கரை போட்டப்புறம்தான் மேலே வந்துது. ரெண்டாவது தடவை கொஞ்சம் சீக்கிரம் வந்துது. மூணாவது தடவை இன்னும் சீக்கிரம். வந்துட்டுதே, போதும்னு நான் பாகை நிறுத்திட்டேன். நேத்து முதல் நாலு கரண்டி ஊத்தி முட்டையை விட்டதுமே மேலே வந்துடுச்சு, அதோட நிறுத்திட்டேன்! ஃப்ரீசர்ல கோளாறு இல்ல, உஷ்ணமானியில கோளாறு இல்ல. தாய் முட்டைதான் மாறிட்டே இருந்திருக்கு!”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் ஊரிலுள்ள கடைக்கற்களையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதர்.

“தாய்க்கல் மாறாதேம்மா,” என்றார் பலவீனமாக.

“அது இரும்புண்ணா, இது கோழி,” என்றாள் அத்தை வாசலிலிருந்து. “ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைன்னு நம்ம அம்மா அப்பவே சொல்லுவாங்க. குடு அந்தப் பெட்டியை.”

அத்தை முட்டையைப் பெட்டிக்குள் இறக்கி மூடி, இரண்டு கையையும் நீட்டமாகப் பிடித்துக்கொண்டு, பாம்பைக் கொண்டு போகிறவள் போலத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டிக்கு நடந்தாள். “பெட்டி நல்ல பெட்டி...” என்று அப்பா ஆரம்பித்ததை யாரும் காதில் வாங்கவில்லை.

அரைக்கிலோவுக்கு அழுகை வரவேண்டிய நேரம் அது. ஆனால் அவளுக்குள் என்னவோ குபுகுபுவென்று பொங்கிக்கொண்டிருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது! தெரிந்த தப்பைத் திருத்தலாம். கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐந்து.

“உருக்கிடுவோம்,” என்றாள். “உருக்கி, பாகு சேர்த்து, மறுபடி உறைய வைப்போம்.”

“ஃப்ரீசர்ல ஆறு மணி நேரம் ஆகுமே.”

“ஃப்ரீசர் வேண்டாம். ஐஸும் கல்லுப்பும். பாத்திரத்தைச் சுத்தி ஐஸைக் கொட்டி, உப்பைப் போட்டு, பாத்திரத்தைச் சுத்திக்கிட்டே இருந்தா ரெண்டு மூணு மணி நேரம் போதும். அப்பா, நீங்க இதைச் சுடுதண்ணித் தொட்டியில வைங்க. நான் இதோ வந்துட்டேன்.”

செருப்பு இரண்டும் ஒரே ஜோடியா என்றுகூடப் பார்க்கவில்லை. படிக்கட்டை மூன்று மூன்றாகத் தாண்டினாள். மீன் கடை ஒரு மணிக்கு மூடும். மீன்காரர் மிச்ச ஐஸைச் சாக்கடையில் தள்ளப் போன நேரத்தில் போய் முன்னால் நின்றாள்.

“எல்லா ஐஸும் எனக்கு வேணும்.”

“மீன் வேண்டாமா?”

“மீன்மேல படாத ஐஸா இருக்கணும்.”

மீன்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிரிக்காத இரண்டு கட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கைவண்டியில் ஏற்றிக் கொடுத்தார். வழியில் மளிகைக் கடையில் ஐந்து கிலோ கல்லுப்பு. பிறகு முட்டைக் கூடையைக் காட்டி, மூச்சு வாங்கக் கேட்டாள்.

“இது இன்னிக்குப் போட்டதா?”

“நான் போடலம்மா,” என்றார் மளிகைக்காரர். “கோழியைத்தான் கேக்கணும்.”

நான்கு முட்டைகளோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, சுடுதண்ணீரில் பாத்திரத்தைத் தாலாட்டிக்கொண்டிருந்தார். பாறை கூழாகியிருந்தது. ஒவ்வொரு முட்டையையும் வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். நான்கும் அடியில் போய்ச் சாவகாசமாகப் படுத்துக்கொண்டன. அத்தை கைதட்டினாள்.

அதில் ஒன்றை டம்ளரில் எடுத்த பழக்கலவையில் விட்டாள். முட்டை அதிலும் மூழ்கியது. போன இடமே தெரியவில்லை. அவ்வளவு கொஞ்சமாகவா சர்க்கரை போட்டிருந்தாள்! பாகை ஊற்றிக் கலக்கினாள், புது டம்ளரில் கலவையை எடுத்தாள், முட்டையை விட்டாள். வரவில்லை. இன்னும் இரண்டு கரண்டி. அடியிலிருந்து புறப்பட்டு நடுவில் நின்றது. அப்பா மூக்கு டம்ளரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். இன்னும் ஒரு கரண்டி. வெள்ளையாக ஒரு புள்ளி மேலே எட்டிப் பார்த்தது. சட்டைப் பொத்தான். இன்னும் அரைக் கரண்டி.

“கோட்டுப் பொத்தான்!” என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கீழ் வீட்டுப் பல் டாக்டரம்மா துடைப்பக் குச்சியால் மேல்கூரையைத் தட்டினார்.

இரண்டு மணிக்கு முற்றத்தில், மரத்தடியில், துணி துவைக்கிற தொட்டி வந்து உட்கார்ந்தது. அதற்குள் பாத்திரம். அரைக்கிலோ சாக்கோடு ஐஸை வைத்து மரச்சுத்தியலால் அடித்தாள். இருபது அடிதான் அடித்திருப்பாள். தரைத்தள வீட்டுக் கதவு திறந்தது.

டிரைவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். தலை கலைந்திருந்தது. அவ்வளவு உயரமான ஆள் அந்தத் தெருவிலேயே இல்லை.

“ஏம்மா அரைக்கிலோ, ஞாயித்துக்கிழமைகூட மனுஷன் தூங்கக் கூடாதா? மரம் வெட்டுறவன்தான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டானோன்னு சந்தோஷமா எழுந்து வந்தேன்.”

“மன்னிச்சுக்குங்க மாமா. இன்னும் பத்தே அடிதான்.”

அவர் உள்ளே போகவில்லை. கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஐஸைக் கொட்டி, உப்பைத் தூவி, பாத்திரத்தின் பிடியைப் பிடித்து வலப்பக்கம் ஒரு இழுப்பு, இடப்பக்கம் ஒரு இழுப்பு என்று திருப்பினாள். பாத்திரம் இடித்தது, துள்ளியது, சிக்கிக்கொண்டு நின்றது. இரண்டு நிமிஷத்தில் தோள் விட்டுப்போயிற்று. அப்பா வாங்கித் திருப்பினார். அவர் திருப்பினது தராசு முள்ளைச் சரிசெய்வது போல் நூலிழை நூலிழையாக. அத்தை திருப்பியதில் பாதி உப்புத் தண்ணீர் அப்பாவின் காலில்.

“ஐயோ, பார்க்க முடியலையே,” என்றார் டிரைவர். “முதல் கியர்லயே மலை ஏறுறீங்களே. தள்ளுங்க.”

தொட்டிக்கு முன்னால் ஒரு சின்ன மணையைப் போட்டு உட்கார்ந்தார். பிடியில் இரண்டு கையையும் வைத்தார். முழுச் சுற்று வலது, முழுச் சுற்று இடது. அவசரமில்லாமல், நிற்காமல், வளைவான சாலையில் நிறைந்த பஸ்ஸை ஓட்டுகிறவர் போல. பாத்திரம் ஒரு வார்த்தை பேசாமல் சுற்றியது. அரைக்கிலோ மூடியைத் தூக்கி, விளிம்பில் பிடித்த உறைவை மரக்கரண்டியால் வழித்து நடுவில் தள்ளினாள். அப்போதுதான் அவர் மணிக்கட்டைப் பக்கத்தில் பார்த்தாள். எலும்பு கூடிய இடத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது.

“வலிக்குதா மாமா?”

“மழை வந்தா மட்டும். இப்போ ஜில்லுன்னு நல்லாத்தான் இருக்கு.” கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுக் கேட்டார், “இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் எதுக்கு?”

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “உங்க ஓட்டை வாங்கத்தான்.”

டிரைவர் சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்த குருவிகள் பறந்தன. “லஞ்சமா? நல்ல கதை. லஞ்சம் குடுக்கிறவங்க, வாங்குற ஆளையே உட்கார வெச்சுச் சுத்தச் சொல்லி நான் பார்த்ததில்லை.”

“நீங்களாத்தானே மாமா தள்ளச் சொன்னீங்க.”

“அதுவும் சரிதான்.”

மூன்று மணி. மூன்றரை. அவள் வழிக்க வழிக்க உறைவு திரும்பத் திரும்பப் பிடித்தது. கூழ் கனத்தது, நிறம் வெளுத்து மஞ்சள் நுரை மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் அரைக்கிலோ கரண்டியை நட்டுப் பார்த்தாள். டிரைவரும் சுற்றிக்கொண்டே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். இடையில் அப்பா ‘நான் கொஞ்சம் சுத்தறேன்’ என்று வந்தபோது, “பயணம் நடுவுல டிரைவரை மாத்தக் கூடாதுங்க,” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

“பழம் எங்கே வாங்கினே?” என்றார்.

“வாங்கலை மாமா. இந்த மரம்தான். அதுவும் நல்ல பழம் இல்ல. ரெண்டு நாள்ல கீழே விழப் போற பழம். கையில பிடிச்சா நசுங்குமே, கடிச்சா சாறு முழங்கை வரை ஓடுமே, அது. சும்மா சாப்பிட அது ஆகாது. ஆனா இதுக்கு அதுதான் வேணும். கெட்டியான பழத்துல இந்த வாசனை வராது.”

பாத்திரம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

“விழப் போற பழம்,” என்றார் அவர் மெதுவாக. “ஒரு நாளைக்கு எத்தனை?”

“முப்பது, முப்பத்தஞ்சு. மூணு வாரத்துக்கு.”

“படிக்கட்டுக்கு மேல இருக்கிறதையும் பறிச்சியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அது எனக்கு எட்டாது மாமா. என் ஜன்னல் பக்கம் இருக்கிறதைத்தான் பறிச்சேன்.”

அவர் அண்ணாந்து படிக்கட்டுக்கு மேலிருந்த கிளைகளை, நிறுத்தத்தில் காத்திருக்கும் கூட்டத்தை எண்ணுகிறவர் போல, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அரைக்கிலோவுக்குச் சந்தேகம் வந்தது. மரத்துப் பழம் என்று சொல்லியிருக்க வேண்டாமோ? அவள் நினைத்து வைத்திருந்தது கிண்ணத்தை மட்டும்தான். விழுகிற பழத்தை யார் எடுப்பது என்று அவள் யோசித்திருக்கவே இல்லை.

சரியாக ஐந்து மணிக்குப் பல் டாக்டரம்மா தன் மடக்கு நாற்காலியோடு இறங்கி வந்தார். மூன்றாம் மாடியிலிருந்து தையல் அக்கா, கழுத்தில் அளவு நாடாவும் வாயில் இரண்டு குண்டூசியுமாக வந்தாள். அப்பா ஒரு நோட்டைத் திறந்து, நான்கு கட்டம் போட்டு, முதல் கட்டத்தில் ‘இருக்கட்டும்’ என்று தங்கள் வீட்டு ஓட்டை எழுதினார்.

சோர்பே இன்னும் முழுதாக இறுகவில்லை. கரண்டியை நட்டால் மெதுவாகச் சாய்ந்தது.

“பத்து நிமிஷம் குடுங்க,” என்று கெஞ்சினாள் அரைக்கிலோ.

“கல்யாணத் துணி தைக்கக் கிடக்கு எனக்கு,” என்றாள் தையல் அக்கா, குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு. “நான் சொல்லிட்டுப் போறேன். கோவிச்சுக்காதே அரைக்கிலோ. மாடியில வெள்ளைத் துணி காயப் போட்டா, இந்தப் பழத்தைத் தின்னுட்டு குருவி பண்ற வேலையை நான்தான் துவைக்க வேண்டியிருக்கு. போன வாரம் ரெண்டு திரை போச்சு. வெட்டணும்.”

அப்பா இரண்டாம் கட்டத்தில் எழுதினார். இனி மீதி இரண்டு ஓட்டும் விழவேண்டும். அதில் ஒன்று டிரைவருடையது.

“என்னைக் கேட்டா,” என்றார் டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து, “இந்த ஐஸை வருஷா வருஷம் ஊருக்கே குடுங்க. பல் கூச்சம்னு வரிசையில நிப்பாங்க. மரம் இருக்கணும். என் பொழப்பு நடக்கணும்.”

அத்தை வாயில் விரலை விட்டு விசிலடித்தாள். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லாரும் டிரைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பாத்திரத்தையே பார்த்தபடி சுற்றினார். இப்போது அது கனத்துவிட்டது. தோள்பட்டை இரண்டும் புடைத்து இறங்கின.

“டிரைவர் சார்,” என்றார் அப்பா. “வெட்டணும்னா கையைத் தூக்குங்க.”

“கையை எடுக்க முடியாது.”

“என்ன?”

“இப்போ கையை எடுத்தா ஓரமெல்லாம் கட்டி தட்டிடும். மூணு மணி நேரம் சுத்தியிருக்கேன்.” வலது சுற்று, இடது சுற்று. “அரைக்கிலோ, மூடியைத் தூக்கு. ஓரத்தை வழி. ம், அங்கே விட்டுட்டே பாரு.” அவள் வழித்தாள். “போன வருஷம் பழம் விழுந்துதுன்னு எனக்குக் கோபம் இல்ல. ஒருத்தரும் அதை எடுக்கலையேன்னுதான் கோபம். நாலு வீட்டு ஜனமும் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கு. நானும்தான் காலைல தாண்டிப் போனேன், சாயங்காலம் அதுலயே கால் வெச்சேன்.”

அவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார். ஐஸ் கரகரவென்றது.

“தினம் ரெண்டு மணிக்கு எனக்கு வேலை முடியுது. படிக்கு மேல இருக்கிறது எனக்கு எட்டும். விழறதுக்கு முன்னாடி நான் பறிச்சிடறேன். அக்கா, உங்க மாடிப் பக்கம் நீட்டிட்டு இருக்கிற கிளையை மட்டும் கழிச்சுவிட்டுடுவோம், குருவி அந்தப் பக்கம் வராது. பறிச்ச பழத்தை அன்னன்னிக்கே இவ அரைக்கணும். சுத்தறது நான். அதுல வேற யாரும் கை வைக்கக் கூடாது. ஒரே ஒரு நாள் படியில ஒரு பழம் கிடந்தாலும் நானே கோடாலி எடுத்துட்டு வருவேன். இதையும் சேர்த்து எழுதிக்குங்க சார்.”

“எதுக்குக் கீழே எழுதறது?” என்றார் அப்பா.

“இருக்கட்டும்னு எழுதுங்க. வேற எதுக்குக் கீழே?”

அரைக்கிலோ போட்ட கூச்சலில் அடுத்த தெருவில் ஒரு ஜன்னல் திறந்தது. அவள் அத்தையைக் கட்டிக்கொண்டாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள், ஓடிப்போய் மரத்தையும் ஒருமுறை கட்டிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்தபோது டிரைவர் கையை எடுத்திருந்தார். மரக்கரண்டி பாத்திரத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது. சாயவில்லை.

முதல் கரண்டி அவருக்குத்தான். அவர் அதை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, “இதையா படியில மிதிச்சுட்டு இருந்தோம்?” என்றார். டாக்டரம்மா இந்தத் தடவை சுற்றுமுற்றும் பார்க்காமலே விரலால் வழித்தார். தையல் அக்கா படி வரை போனவள் திரும்பி வந்து கிண்ணத்தை நீட்டினாள்.

“ரெண்டு கரண்டி. ஆனா என் ஓட்டு ஓட்டுதான், மாத்த மாட்டேன்.”

“மாத்த வேண்டாம் அக்கா,” என்று மூன்று கரண்டி போட்டாள் அரைக்கிலோ.

பிறகுதான் ஞாபகம் வந்தது. மரம் வெட்டுகிற ஆளுக்குச் சொல்லியாகவேண்டும்! சொந்தக்காரர் கொடுத்திருந்த எண்ணை அப்பா தேடி எடுத்தார். டிரைவர் வீட்டுப் போனில் அவளே சுழற்றினாள். மணி அடிக்கிற இடைவெளியில் பொறுக்க முடியாமல் ஒரு பெரிய கரண்டியை வாய் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டாள். நாக்கு, அண்ணம், நெற்றிப்பொட்டு எல்லாம் ஒரே நேரத்தில் ஜில்லென்று அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் குளிருக்குள்ளேயிருந்து பழுத்த பீச்சின் வாசனை மெல்ல விரிந்தது.

“ஹலோ,” என்றது மறுமுனை. “யாருங்க? நாளைக்கு எட்டு மணிக்கு மரம் வெட்டணும்னு சொன்னாங்களே, அந்த வீடா?”

“ம்ம்ம்!” என்றாள் அரைக்கிலோ.

“வரட்டுங்களா?”

“ம்ம்ஹூம்! ம்ம்ஹூம்! ம்ம்ஹூம்!”

“என்னங்க? சரியா கேக்கலை. ஆள் கூட்டிட்டு வரணுமா?”

அவள் இரண்டு கையையும் காற்றில் ஆட்டினாள். வாயைத் திறந்தால் ஒன்று சோர்பே போகும், இல்லை மரம் போகும். டிரைவர் எழுந்து வந்து, போனை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“வர வேண்டாம்,” என்றார் அதில். “நீ வேணா சும்மா வா. வந்தா ஒரு கிண்ணம் கொண்டுட்டு வா.”